பிளஸ் காலின் மேல் ஒரு விரல்

முன்னாலா, பின்னாலா, அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். என் விரல் பாட்டரியின் பிளஸ் காலை அழுத்தியது முன்னாலா, யூபிஎஸ் கத்துவதை நிறுத்தியது முன்னாலா. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்த மாதிரிதான் இருக்கிறது. இல்லை, கத்தல் நின்றதும் ஒரு நிசப்தம் இருந்தது, அந்த நிசப்தத்தில் என் கண்ணாடி வளையல் மேசை விளிம்பில் இடித்தது கேட்டது. பூசை நாளாயிற்றே என்று போட்டுக்கொண்டு வந்த வளையல், மற்ற நாளில் இந்த மேசைக்கு வளையல் போட்டு வரவே மாட்டேன். அது கை போகிறபோது இடித்ததா, போய்ச் சேர்ந்து அழுத்திய பிறகு இடித்ததா? போகிறபோது என்றால் எல்லாம் முடிந்தது. சேர்ந்த பிறகு என்றால் இன்னும் இருக்கிறது. ஒரு வளையல் சத்தத்தை நம்பி நான் நிற்கிறேன், நிற்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி குனிந்து, பாதி வளைந்து, வலது ஆள்காட்டி விரல் நகம் அந்த மெல்லிய கம்பியின் மேல், இடது கை மாஸ்டரின் போர்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து. கதவுக்கு அந்தப் பக்கம் பட்டறையில் மணி அடிக்கிறார்கள். சாம்பிராணி வாசனை கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. முதுகு இப்போதே பிடித்துக்கொண்டது. மூக்கு அரிக்கிறது. மூக்கு ஏன் இப்போது பார்த்து அரிக்கவேண்டும், காலையிலிருந்து சும்மாதானே இருந்தது.

மாஸ்டர் என்றால் ஆள் இல்லை, இந்த மிஷின்தான். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், முதலாளிகூட. கணபதி, சரவணம்பட்டி, பீளமேடு என்று சுற்றுவட்டாரத்து மோட்டார் கம்பெனிக்காரர்கள் தங்கள் மீட்டர்களை எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இங்கே கொண்டுவருவார்கள், நான் அவற்றை மாஸ்டரோடு சேர்த்துப் பார்த்துச் சொல்லுவேன். மாஸ்டர் பத்து வோல்ட் என்றால் பத்து வோல்ட், அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்தப் பத்து எப்படிப் பத்தாயிற்று என்றால் உள்ளே ஒரு சிப்பில் திருத்த எண்கள் இருக்கின்றன, இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை என்று, அது செய்யப்பட்ட நாளில் எழுதி வைத்தது. கரண்டு இருக்கும்வரை மிஷினே அந்தச் சிப்புக்குச் சோறு போடும். கரண்டு போனால் இந்தப் பாட்டரி போடும். இரண்டும் ஒரு கணம் இல்லாவிட்டால் சிப்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெள்ளையாக முழிக்கும். செய்த கம்பெனி வெளிநாட்டில் எப்போதோ மூடியாயிற்று. பெங்களூரில் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தரிடம் கேட்டேன், மேடம், அந்த மாடலா, மறந்து போச்சுன்னா எடைக்குப் போட்டுடுங்க என்று சிரித்தார். எடைக்குப் போட்டால் லேபும் எடைக்குத்தான். லேப் போனால் நான் யார்? மோட்டார் பட்டறையில் காயில் சுற்றத் தெரியாத ஒரு பொம்பளை. எத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடி ரூமுக்குள் இருக்கிறேன், என் பெயர் கோகிலவாணி என்பதுகூட இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, லேப் மேடம் என்றால்தான் தெரியும். அந்த லேப் இப்போது என் நகத்துக்கு அடியில் இருக்கிறது, அல்லது இல்லை, அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், முன்னாலா, பின்னாலா.

பழைய பாட்டரி போன மாசமே செத்த மாதிரிதான் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது பாதிகூட இல்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஓடறத எதுக்கு அம்மிணி நோண்டற? ஓடற வரைக்கும் ஓடட்டும் உடு" என்றார். மறுபடியும் சொன்னேன். "தொறந்து கிறந்து வெச்சறாதே" என்றார், முகத்தைப் பார்க்காமல். நாச்சிமுத்து முதலாளி ஒன்றும் கெட்டவர் இல்லை, மிஷினைத் திறப்பதென்றால் அவருக்குப் பயம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் ஆயுதபூசை வருகிறதே. சாதாரணமாகக் கரண்டு போனால் யூபிஎஸ் தாங்கிக்கொள்ளும், வந்துவிடும். ஆயுதபூசைக்கு இங்கே மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள், அதற்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, மறுநாள் காலை வரை ஒரு பல்புகூட எரியாது, எல்லாம் ஓய்வெடுக்க வேண்டுமாம். அந்தப் பாட்டரி ராத்திரி முழுக்கத் தாங்காது. புதுப் பாட்டரி வந்து சேர்ந்ததோ இன்று காலையில்தான். எல்லோரும் தரையைக் கழுவுகிறார்கள், வாழைமரம் கட்டுகிறார்கள், பொரி மூட்டையைப் பிரிக்கிறார்கள், இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடலாம், சிப்புக்கு மிஷின் சோறு போட்டுக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. இதுதான் என் மகா திட்டம். பென்சில் செல் இரண்டைக் கிளிப்பில் மாட்டிப் பக்கத்தில் கொடுத்திருந்தால் மெயின் போனாலும் கவலை இல்லை, அது எனக்குத் தெரியாததா? யூபிஎஸ்தான் இருக்கிறதே என்று விட்டேன். சோம்பேறித்தனம் இல்லை, அவசரம். இல்லை, சோம்பேறித்தனம்தான்.

பழையதைச் சுலபமாக எடுத்துவிட்டேன். ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்ட்ரிங் அயர்னைச் சூடேற்றுவது, பிளக்கைப் பிடுங்குவது, அப்புறம் தொடுவது, ஆறினால் திரும்பவும் செருகுவது. ஓடுகிற மிஷினில் பிளக்கோடு தொட்டால் கரண்டு கசிந்து சிப்புக்குள் போய்விடும். புதுப் பாட்டரியின் மைனஸ் காலுக்கு ஈயம் வைத்தாயிற்று, அழகாகப் பிடித்தது, பளபளவென்று. பிளஸ் கால் துளைக்குள் நின்றது, தொட்டும் தொடாமலும், துளை கொஞ்சம் பெரிசு. அயர்ன் சூடாகிவிட்டது, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், கையில் இருக்கிறது, குனிகிறேன். அப்போதுதான் மாரப்பண்ணன் தாம்பாளத்தோடு கதவைத் திறந்தார். காயில் சுற்றும் பகுதிக்குப் பெரியவர் அவர், வருஷாவருஷம் ஆயுதங்களைச் சேர்ப்பது அவர் வேலை. "ஏனுங் மேடம், உங்குளுதெல்லாம் குடுங்க, சாமிக்கு வெக்கோணும்." நான் என்ன செய்தேன்? ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்து வைத்தேன். குறடு, கட்டர், மீட்டர், கிளிப் ஒயர்கள். அப்புறம் கையில் இருந்த அயர்னை நீட்டி, "சூடா இருக்குதுங்க, பாத்து" என்று சொல்லிக் கொடுத்தேன். கொடுத்தேன்! பத்திரமாகச் சொல்லிக் கொடுத்தேன்! கேட்டால் கொடுத்துத்தான் பழக்கம், ஒவ்வொரு வருஷமும் இதே கதவு, இதே தாம்பாளம், இதே சூடா இருக்குதுங்க. கை தானாகக் கொடுத்துவிட்டது, நான் அப்போது எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் போய்க் கதவு சாத்திய பிறகு குனிந்து கால்மேல் அயர்னை வைக்கப் பார்க்கிறேன், விரலில் ஒன்றும் இல்லை. வெறுங்கையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா?

ஓடிப்போய் வாங்கியிருக்கலாம். ஓடிப்போய் எப்படி வாங்குவது? சந்தனம் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால் காலையில் மறுபூசை முடிகிற வரைக்கும் தொடக்கூடாது, எதற்கு மேடம் என்று கேட்பார்கள், எதற்கு என்று சொன்னால் முதலாளிக்குத் தெரியும். யோசித்துக்கொண்டு இருக்கும்போதே வெளியே முதலாளி குரல், "மெயின எறக்குங்கடா." லைட் போயிற்று, ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. மாஸ்டரின் பச்சை எண்கள் மட்டும் இருட்டில் நின்றன. பரவாயில்லை, யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் ஏதாவது, கிளிப் ஒயர் இருந்தால் போதும், கிளிப்பும் சாமிகிட்டே, ஒரு ரப்பர் பேண்டு, ஒரு துணி கிளிப், ஒரு கொண்டை ஊசி, கொண்டை ஊசி உலோகம், வேண்டாம். கதவுவரை போனேன். போனேனா? போனேன், ஏனென்றால் மாரப்பண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு என்னைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். "இது ஒண்ணு, பூசை நேரத்துல கத்திட்டே கெடக்குது" என்று யூபிஎஸ்ஸுக்கு மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, அதே கையால் சுவிட்சை அமுக்கினார். நான் பாய்ந்தேன். கதவிலிருந்து மேசைக்கு. பாய்ந்தபோது அவர் விரல் சுவிட்சுக்குப் போய்க்கொண்டு இருந்ததா, போய்விட்டிருந்ததா? வாயைத் திறந்து வேண்டாங்க என்று சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அந்த யூபிஎஸ்ஸோ பழசு, மெயின் இல்லாமல் திரும்ப எழுந்திருக்காது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் மிஷினுக்கு முன்னால் குனிந்து கும்பிடுவதாக நினைத்திருப்பார். "வாங்க மேடம், கற்பூரங் காட்டப் போறோம்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

பச்சை எண்கள் அணைந்ததை நான் பார்த்தேனா? பார்த்திருந்தால் அப்போது என் விரல் எங்கே இருந்தது? கண் போர்டில் இருந்தால் முகப்பைப் பார்த்திருக்க முடியாது, முகப்பைப் பார்த்திருந்தால் விரல் சரியாகப் போயிருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஞாபகம் இருக்கிறது, பச்சை அணைவதும் இருக்கிறது, கம்பி நகத்துக்கு அடியில் லேசாக வளைவதும் இருக்கிறது. இதில் ஒன்றை நான் பின்னால் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எதை? அப்பா போனபோதும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் வெந்நீர் பிடித்துவர ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன், கிளம்பும்போது அவர் கண்ணைத் திறந்து பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது நர்ஸ், இப்பத்தாங்க என்றாள். இப்பத்தான் என்றால் எப்போது? நான் படியில் இறங்கும்போதா, நான் அறையில் இருக்கும்போதேவா? பார்த்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது அவர் பார்த்த பார்வையே எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து. அது உண்மையா, நான் செய்ததா? அழுகை வருகிறது, இப்போது போய் எதற்கு அப்பா, கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை இல்லை. கண்ணீர் போர்டில் விழுந்தால் வேறு வம்பு. முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டேன். விரல் அசைந்ததா? அசையவில்லை. கொஞ்சம் அசைந்தது. கால் துளையின் ஓரத்தில்தான் இருக்கிறது, தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, நகத்தில் அந்த எதிர்ப்பு தெரிகிறது. அல்லது நகம் மரத்துப்போய்விட்டது.

அப்புறம் ஒரு பயம் வந்தது பாருங்கள், அதுவரைக்கும் இருந்த பயமெல்லாம் சும்மா. இது பிளஸ்தானா? காலையில் பாட்டரியைப் பிரித்ததும் பிளஸ் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன், என் வழக்கம் அது. இப்போது மங்கலான சன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், சிவப்புப் புள்ளி என் விரலுக்குப் பக்கத்தில் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம்! தலைகீழாக வைத்து மைனஸ் என்று நினைத்துப் பிளஸ்ஸுக்கு ஈயம் வைத்துவிட்டேனா? அழுத்தி அழுத்தி நானே கொன்றுகொண்டு இருக்கிறேனா? எடுத்துவிடவா, வைத்திருக்கவா? கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அந்தச் சிவப்பு பொடியாக இருக்கிறது, ஓரத்தில் உதிர்ந்திருக்கிறது. குங்குமம். தாம்பாளத்தோடு வந்தபோதே மாரப்பண்ணன் மேசைமேல் கண்டதற்கெல்லாம் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், டேப்புக்கு, டீ கிளாசுக்கு, மூடி திறந்திருந்த மிஷினுக்குள் பாட்டரிக்குக்கூட. என் மை எங்கே? என் விரல் அதை மறைத்துக்கொண்டு இருக்கிறது. இருக்கவேண்டும். போர்டில் கூட்டல் குறி அச்சடித்திருக்கிறது, அது இந்தப் பக்கம்தான், அச்சு பொய் சொல்லாது. கூட்டல் குறியா, அல்லது வெறும் கீறலா? கூட்டல்தான். கூட்டல் என்றே வைத்துக்கொள்வோம். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, தனியாக அரையிருட்டில் நின்று சிரித்தேன், நல்லவேளை மணி பலமாக அடித்தது. வீட்டுக்காரர் இப்போது என்னைப் பார்க்கவேண்டும், கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள்தானே நீ என்பார். அணைத்துத்தான் இருந்தது அன்று. ஒவ்வொரு முறையும் அணைத்துத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இருக்குமா?

கதவு திறந்தது. கற்பூர வெளிச்சம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் தட்டோடு முதலாளி, வெள்ளை வேட்டி, வெறுங்கால், நெற்றியில் பட்டை. வருஷாவருஷம் எல்லோருக்கும் தட்டு காட்டிவிட்டுக் கடைசியில் அவரே மாஸ்டருக்குக் காட்ட வருவார், அதை எப்படி மறந்தேன்? "ஏனம்மிணி, பூசைக்கு வராம இங்க என்ன…" என்றவர் நின்றுவிட்டார். மூடி கழற்றிய மிஷின், ஓரத்தில் பழைய பாட்டரி, குனிந்து நிற்கிற நான். "பாட்டரி மாத்திட்டு இருந்தனுங்க. ஒரு கால் இன்னும் ஒட்டலீங்க. அயர்ன் சாமிகிட்ட போயிருச்சு. வெரல எடுத்தா எல்லாம் அழிஞ்சிருமுங்க." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. அவர் திட்டவில்லை. தட்டைத் தரையில் வைத்தார், பக்கத்தில் வந்தார். "எத்தன நேரமா இப்பிடி நிக்கற?" "தெரியலீங்க." "நகரு, நா புடிச்சிக்கறேன்." எனக்கு அது கேட்டது, புரியவில்லை. "நா புடிச்சிக்கறேன்னு சொல்றனல்லோ." என் நகத்துக்குப் பக்கத்தில் அவர் விரல் வந்தது, தடித்த விரல், வார்னிஷ் கறை ஏறிய நகம், விபூதி ஒட்டி. "அந்தக் கம்பியிங்க, சாச்சு அழுத்தோணும், மேல இருந்து இல்லீங்க." அழுத்தினார். நான் மெதுவாக எடுத்தேன். மாறும்போது விட்டதா? தெரியாது, இதுவும் எனக்குத் தெரியாது. முதுகை நிமிர்த்தினேன், விரலில் கம்பியின் தடம் பள்ளமாக விழுந்திருந்தது.

அயர்னை எடுக்கப் போகத் திரும்பினேன். "அம்மிணி" என்றார். குனிந்தபடியே, போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார், நான் நின்ற மாதிரியே. "நீ பாட்டரி போச்சுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். இந்தப் பூசைக்கு மெயின எறக்குனா இது செத்துரும்னு தெரிஞ்சுதான் தொறக்காதேன்னேன்." கற்பூரம் தட்டில் படபடவென்று எரிந்தது. "இந்த ரூம காயில் செக்சனுக்குக் குடுத்தரலாம்னு ரெண்டு வருசமா நெனப்பு. என்ற முட்டியும் முடியல, லேப் லேப்புன்னு ஓட. உன்ற மூஞ்சியப் பாத்து மூடறேன்னு சொல்ல வாய் வரல. அதுவாச் செத்துட்டா நா சொல்ல வேண்டியதில்ல பாரு." நான் அவர் விரலைப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. நான் இத்தனை நேரம் வளையலையும் குங்குமத்தையும் கேட்டுக்கொண்டு நின்றேன், இந்த மனுஷனை ஒருமுறைகூடக் கேட்கவில்லையே. கோபம் வந்தது. கோபம் என்று நினைத்தால் அது கோபமாகவும் இல்லை, யாரோ என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டுவிட்டு விழாமல் அவரே கையையும் பிடித்துக்கொண்ட மாதிரி, எந்தக் கையை உதறுவது என்று தெரியாமல். "இப்ப நாந்தான் புடிச்சிட்டு நிக்கறேன்" என்றார், ஒரு மாதிரிச் சிரித்தார். "எடுத்தரட்டுமா அம்மிணி? நீயே சொல்லீரு. எடுத்தா நாளைக்குக் காத்தால நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பேச வேண்டியதில்ல."

உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. முன்னாலா பின்னாலா என்று தெரியாது, கை மாறும்போது விட்டதா என்று தெரியாது. இருந்தாலும் இன்னும் எத்தனை நாள் இந்த ரூம் என்று தெரியாது. ஒருவேளை அவர் அழுத்திக்கொண்டு நிற்பதே வெள்ளையாகிப்போன ஒரு சிப்பைத்தானோ என்னவோ. "எடுக்காதீங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அழுத்திப் புடிங்க. நா வர்ற வரைக்கும் அசையக்கூடாது." முதலாளியிடம் இதற்கு முன்னால் நான் அப்படிப் பேசியதில்லை. பட்டறைக்குள் போனேன். கூட்டம் பொரியும் சுண்டலுமாக நின்றிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் குறடுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் என் அயர்ன், முனை வரைக்கும் சந்தனம். குனிந்து எடுத்தேன். யாரோ ஐயோ என்றார்கள். முந்தானையில் முனையைத் துடைத்துக்கொண்டே, "மாரப்பண்ணா, மெயினப் போடுங்க, இது சூடாகோணும்" என்றேன். அவர் கையில் இருந்த பொரி கீழே சிந்தியது. "ஏனுங் மேடம், பூசை போட்டு எறக்குனதுங்க. காத்தால வரைக்கும்… முதலாளி சொல்லோணுமுங்களே" என்று கண்ணாடி ரூம் பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே தரையில் கற்பூரம் அணைகிற வெளிச்சத்தில் முதலாளி மாஸ்டரின் வயிற்றுக்குள் கையைவிட்டுக் குனிந்து நின்றார், தலையைத் தூக்கவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"போடுடா. அம்மிணி சொல்லுதல்லோ."